வீட்டை அளந்த பிறகே ரோபோ கிளீனர்

ரோபோ கிளீனர் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் உறிஞ்சும் திறனை. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் பாஸ்கல் என்று அச்சிட்டிருக்கும். எண் கூடக் கூட விலையும் கூடும். ஆனால் கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், அங்கிருந்து களியக்காவிளை எல்லைவரை உள்ள ஊர்களிலும் இருக்கும் வீடுகளுக்கு அந்த எண் கடைசியாகப் பார்க்க வேண்டியது. பாஸ்கல் என்பது காற்று போகும் வழியை அடைத்து வைத்து அளக்கும் அழுத்தம். தரையில் எவ்வளவு காற்று ஓடுகிறது, தூரிகை எவ்வளவு தூசியை வாரிக் கொடுக்கிறது என்பதை அது சொல்லாது. பெரிய எண்களின் பயன் தடித்த கம்பளத்தின் இழைகளுக்குள்தான் தெரியும். இங்கே தரை டைல்ஸ், மொசைக், பழைய வீடாக இருந்தால் சிவப்பு ஆக்சைடு. இவற்றின் மேல் கிடக்கும் தூசியை எளிய கருவியே எடுத்துவிடும். கருவி தோற்பது வேறு இடங்களில்: இரண்டு அங்குல நிலைப்படியில், சேறு மிதித்த ஈரக் காலடியில், ஐப்பசி இடியில், தரையில் ஏற்றி வைத்த விளக்கின் அருகில். அதனால் இந்த வழிகாட்டி உங்கள் வீட்டு நிலைப்படியில், கையில் ஓர் அளவு டேப்போடு தொடங்குகிறது.

முதல் வேலை எல்லா வாசல்களையும் அளப்பது. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரம்வரைதான் ஏறும். புதிய கான்கிரீட் வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே ஒரு கிரானைட் பட்டை மட்டும் இருந்தால் கருவி சுலபமாகக் கடந்துவிடும். மர நிலை வைத்த ஓட்டு வீடுகளில் கீழ்ப்படி 5 சென்டிமீட்டருக்கு மேலும் எழுந்து நிற்கலாம். அங்கே எந்தப் பாஸ்கலும் உதவாது. ஒவ்வொரு வாசலையும் இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து ஒரு தாளில் குறியுங்கள். கருவி தானாக ஏறி இறங்கக்கூடிய வாசல்களால் இணைந்த அறைகள் எத்தனை என்று பாருங்கள். ஹாலும் சாப்பாட்டு அறையும் இரண்டு படுக்கையறைகளும் ஒரே மட்டத்தில் வந்தால் வாங்குவதற்கு நியாயமிருக்கிறது. ஹால் மட்டும் தனித்து நின்றால் வாரியலே போதும். பணத்தைச் செலவழிக்க வேண்டாம். மூன்று, நான்கு சென்டிமீட்டர் படிக்கு இருபுறமும் சரிவுப் பலகை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் இரவில் குளியலறைக்கு எழுந்து போகும் முதியவர் அந்தப் பலகையில் கால் இடறினால் வரும் இழப்பு, ஓர் அறை தூசியோடு கிடப்பதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. முதியவர் நடக்கும் வழியில் சரிவுப் பலகை வேண்டாம். அந்த அறைக்குக் கருவியைக் கையில் தூக்கிக் கொண்டுபோய் விடுங்கள்.

அடுத்து கட்டில், சோபா, அலமாரி ஆகியவற்றின் அடிப்பக்கம். லேசர் சுழலும் சிறு கோபுரம் தலையில் உள்ள கருவிகள் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் 11 சென்டிமீட்டராவது இடைவெளி இல்லையென்றால் கருவி உள்ளே நுழையாது, நுழைந்தாலும் சிக்கிக்கொள்ளும். கட்டிலடித் தூசிதான் குனிந்து பெருக்குபவர்களை மிகவும் வருத்துவது. அங்கே நுழையாத கருவிக்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது. தரையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். கருவியின் வயிற்றுப் பக்கத்தில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும் உணரிகள் இருக்கின்றன. ஒளி திரும்பவில்லையென்றால் அங்கே பள்ளம் என்று எண்ணிக் கருவி பின்வாங்கும். படிக்கட்டில் விழாமல் அதைக் காப்பது இந்த ஏற்பாடுதான். மினுமினுக்கும் கறுப்புக் கிரானைட் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், சமதரையையும் சில கருவிகள் பள்ளமென்று நினைக்கும். உணரிகளின் மேல் டேப் ஒட்டி இதைச் சரிசெய்யும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. மாடிப்படியோ முன்வாசல் படியோ உள்ள வீட்டில் இதைச் செய்யவே கூடாது. கறுப்புத் தரை நிறைய இருக்கும் வீட்டுக்காரர்கள், திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்கி, முதல் நாளே அந்தத் தரையில் ஓட்டிப் பார்ப்பதே வழி.

இவ்வளவும் ஒத்துவந்து கருவி வீட்டுக்கு வந்த பிறகு, முதல் நாள் அதைப் பெருக்க விடாதீர்கள். தரையில் கிடக்கும் செருப்பு, சார்ஜர் வயர், மிதியடி, பாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, பகல் வெளிச்சத்தில் வரைபடம் எடுக்க மட்டும் ஓட விடுங்கள். வைஃபையில் இணைக்கும்போது பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். இணைப்பு கிடைக்காமல் திணறும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான். வரைபடம் கிடைத்ததும் நீங்கள் செய்யும் வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: எங்கே போகக் கூடாது என்று கோடு கிழிப்பது. மாலையில் குத்துவிளக்கு ஏற்றும் இடத்தைச் சுற்றி முதல் கோடு. விளக்கு பித்தளை என்பதால் அசையாது என்று நம்ப வேண்டாம். சிறிய விளக்கைக் கருவி இடித்துத் தள்ளும், சிந்திய எண்ணெயைச் சக்கரத்தில் பூசிக்கொண்டு வீடெங்கும் கொண்டுபோகும். திருநீறும் குங்குமமும் உதிரும் பூஜை மூலையும் வேண்டாம். அந்த மாவு போன்ற பொடி வடிகட்டியின் துளைகளை அடைத்துவிடும். மழைக்குப் பயந்து நல்ல மிளகையோ நறுக்கிய மரச்சீனியையோ வீட்டுக்குள் பரப்பும் நாட்களில், பரப்பிய இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு கோடு போடுங்கள். பாலராமபுரம் பக்கத்து நெசவு வீடுகளில் தறி இருக்கும் அறையை முழுவதுமாக விலக்க வேண்டும்: ஒரு சாண் நூல் போதும், தூரிகையின் அச்சில் சுற்றி மோட்டாரை நிறுத்திவிடும்.

முன்வாசல் சிட்-அவுட்டையும் கோட்டுக்கு வெளியே நிறுத்துவது நல்லது. செம்மண்ணும் ஈரமும் முதலில் வந்து சேரும் இடம் அது. அதன் ஓரத்தில் படிகள் இருக்கின்றன. சேறு படிந்த உணரி அந்தப் படியைக் காணத் தவறலாம். முற்றம் எப்போதும் ஈர்க்கில் வாரியலுக்கு உரியது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முற்றத்துக்கும் சிட்-அவுட்டுக்கும் வாரியல், அடுக்களைக்கு ஈரத் துணி, பூஜை அறைக்குக் கை. மிச்சத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டுமா? சில நூறு ரூபாய்க்குள் வாங்கும் வாரியல் மாதக்கணக்கில் உழைக்கிறதே? மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் விலையை விலையோடு ஒப்பிடும் இந்தக் கணக்கில் குனிந்து பெருக்குபவரின் முதுகு சேரவில்லை. உள்வீட்டைத் தினமும் குனிந்து பெருக்குவதும், கட்டிலுக்கடியில் கையை நீட்டுவதும் இந்த ஊர்களில் பெரும்பாலும் பெண்களின் தலையில், அதிலும் வயதான பெண்களின் தலையில் விழுகிறது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ பெங்களூருவிலோ இருக்க, நான்கு அறை வீட்டில் இருவர் மட்டும் வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வீடுகளில் தினசரிக் குனிதலை எடுத்துக்கொள்ளும் கருவிக்கு மதிப்பு உண்டு. குடும்பத்தில் பலர் இருந்து வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு அந்த மதிப்பு இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவை நிறுத்திவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தாங்களே ஏமாறுவார்கள். ஒட்டடை அடிப்பதும், ஜன்னல் துடைப்பதும், குளியலறை கழுவுவதும் கருவியால் ஆகாதவை. அவருடைய நேரத்தில் கொஞ்சத்தை அந்த வேலைகளுக்கு விடுவிக்கலாம், அவ்வளவுதான்.

ஓட்டும் நேரத்தை வானிலை பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். கேரளத்தில் சித்திரை, வைகாசியின் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகையின் துலாவர்ஷமும் பிற்பகல் இடியோடு வருபவை. பகல் 2 மணி முதல் இரவு 10 மணிவரை மின்னல் ஆபத்து அதிகம் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. மின் சாதனங்களின் பிளக்கைக் கழற்றி வைக்கவும் சொல்கிறது. ரோபோ கிளீனரின் சார்ஜர் மேடை நாள் முழுவதும் பிளக்கில் கிடக்கும் பொருள் என்பதால் இந்த எச்சரிக்கை அதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். காலை 8 மணிக்குச் சிட்-அவுட்டை வாரியலால் பெருக்கி ஈரத்தைத் துடைத்துவிட்டு, 9 மணிக்குக் கருவியை ஓட விடுங்கள். 10 மணிவாக்கில் அது மேடைக்குத் திரும்பும். சார்ஜ் ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். 2 மணிக்குள் பிளக்கைக் கழற்றிவிடலாம். அந்தி விளக்கு நேரத்துக்கும் இரவு நடமாட்டத்துக்கும் கருவி குறுக்கே வராது என்பது இந்த ஒழுங்கின் இன்னொரு நன்மை. மின்செலவைப் பற்றிய பயம் தேவையில்லை. 14.4 வோல்ட், 5200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கொள்வது 75 வாட்-மணி. தினமும் முழுதாகத் தீர்த்து ஏற்றினாலும், வீணாவதையும் சேர்த்து, மாதம் 3 யூனிட். மேடை சும்மா இருக்கும்போது 3 வாட் இழுத்தாலும் மாதம் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கே.எஸ்.இ.பி. பில்லில் ஏறக்குறைய 10 யூனிட் கூடும்.

பராமரிப்பில் இந்த ஊர்களுக்கென்று தனிக் கவனம் தேவைப்படுவது ஈரத்தின் பொருட்டு. தூசி உறிஞ்சும் கருவி ஈரத்தை உறிஞ்சினால் தூசி சேறாகிக் குழாய்க்குள் ஒட்டும், வடிகட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அது ஊதிவிடும் காற்றே இருமலை உண்டாக்கும். இடவப்பாதி மழை தொடங்கியதும் வாசலில் இரண்டு மிதியடி போட்டு, ஈரக் கால் உள்ளே வராத வழக்கத்தை வீட்டில் ஏற்படுத்துங்கள். ஈரம் கண்ட நாளில் ஓட்டாமல் விடுங்கள். கழுவலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கும் வடிகட்டியை மட்டும் கழுவுங்கள். கழுவியதை நிழலில், காற்றில் உலர்த்த வேண்டும். ஒரு நாள் போதும் என்று கையேடு சொன்னாலும் மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகும். அதற்காகவே கூடுதலாக ஒரு வடிகட்டி வாங்கி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். தூசிப் பெட்டியைத் தினமும் கொட்டுங்கள். முறுக்குத் துணுக்கும் சோற்றுப் பருக்கையும் ஓர் இரவு உள்ளே கிடந்தால் காலையில் பெட்டி முழுக்க எறும்பு. இதே காரணத்தால், குப்பையைத் தானாக உறிஞ்சிப் பைக்குள் இரண்டு மாதம் சேர்த்து வைக்கும் பெரிய மேடை உள்ள மாதிரிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும் ஊரில் உணவுத் துணுக்கை இரண்டு மாதம் மூடி வைப்பது நாற்றத்தையும் பூச்சியையும் அழைப்பது. பைகளுக்கும் தொடர்ந்து பணம் செலவாகும்.

துடைக்கும் வசதி உள்ள கருவியின் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். பினாயில், நெடியுள்ள தரை லோஷன் போன்றவற்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் சிறு பம்பும் ரப்பர்க் குழாயும் கெடும். துடைப்புத் துணியை ஒவ்வொரு முறையும் கழற்றி அலசி வெயில் காட்ட வேண்டும். ஈரத் துணியோடு கருவி மேடையில் நின்றால் அன்றைக்கே வாடை வரும். துடைப்பது என்றாலும் அது லேசான ஒற்றல்தான், சமையல் எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு அசையாது. வாரத்துக்கு ஒருமுறை கருவியைக் கவிழ்த்து, நடுத் தூரிகையைக் கழற்றி, இரு முனைகளிலும் சுற்றியிருக்கும் தலைமுடியைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். முன்சக்கரம் பிடுங்கினால் வந்துவிடும். அதன் குழிக்குள்ளும் முடி இருக்கும். பள்ளம் காணும் உணரிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். இந்தக் கால் மணி நேர வேலையைச் செய்ய வீட்டில் யாரும் இல்லையென்றால் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். குடும்பத்தோடு வாரக்கணக்கில் ஊருக்குப் போகும்போது பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, கருவியை முழுதாக அணைத்துவிட்டுப் போக வேண்டும். பழைய லித்தியம் பேட்டரியைப் பிளாஸ்டிக் குப்பையோடு போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும். கழிவு சேகரிக்க வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனையினரிடம் மின்கழிவு எடுக்கும் நாள் எது என்று கேட்டுத் தனியாகக் கொடுங்கள்.

எங்கே வாங்குவது என்ற கேள்வி இந்த எல்லையில் உண்மையிலேயே சிக்கலானது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தாலும் சந்தைக்குப் போகும் வழி மாறவில்லை. பாறசாலைக்காரருக்குத் திருவனந்தபுரத்தைவிட மார்த்தாண்டம் பக்கம். அங்கே வாங்கிய பொருள் பழுதானால் வழக்குக்கும் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த அச்சத்தைத் தீர்த்திருக்கிறது: வாங்கிய இடம் எதுவானாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் வாங்கியதற்கும் இது பொருந்தும். 1915 என்ற தேசிய உதவி எண்ணையும் முதலில் அழைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். பில் இல்லாத தள்ளுபடியை ஏற்காதீர்கள். வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: சர்வீஸ் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கிறதா, அல்லது கருவியைக் கூரியரில் வெகுதூரம் அனுப்ப வேண்டுமா, பேட்டரியும் தூரிகையும் வடிகட்டியும் தனியாகக் கிடைக்குமா, செயலி இல்லாமல், கருவியின் மேலுள்ள பொத்தானை மட்டும் அழுத்தினாலே அது பெருக்குமா.

மூன்றாவது கேள்வி மிகையாகத் தோன்றலாம். அண்மைக் காலம் காட்டுவது வேறு. 2002-இல் ரூம்பாவை அறிமுகப்படுத்தி இந்தக் கருவியை உலகெங்கும் பரப்பிய ஐரோபாட் நிறுவனம் 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இதே வகைக் கருவிகளைச் செய்த நியாட்டோ ரோபாட்டிக்ஸ் 2023-இல் மூடப்பட்டது; செயலிக்கான இணைய சேவை இன்னும் ஐந்தாண்டு ஓடும் என்று சொல்லப்பட்டிருந்தும், அதற்கு வெகு முன்பே, 2025-இல், அதை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. தொலைவில் உள்ள ஒரு கணினி நின்றால் உங்கள் ஹாலில் உள்ள கருவியின் வரைபடமும் நேர ஒழுங்கும் போய்விடும். பொத்தானால் ஓடும் கருவி அப்போதும் பெருக்கும்.

கேமரா உள்ள மாதிரியா, லேசர் மட்டும் உள்ளதா என்பதில் என் பதில் தெளிவானது: லேசர். கேமரா இருந்தால் வயரையும் செருப்பையும் பார்த்து விலகும், வெளிநாட்டில் இருக்கும் மகன் அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் சோதனைக்காக ஓடிய ரூம்பா கருவிகள் எடுத்த, கழிப்பறையில் இருந்த பெண்ணின் படம் உட்பட்ட வீட்டுக் காட்சிகள் இணையத்தில் கசிந்ததை 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளிப்படுத்தியது. 2024 மே மாதம் அமெரிக்காவில் சில வீடுகளின் ஈக்கோவாக்ஸ் கருவிகளுக்குள் முகம் தெரியாதவர்கள் புகுந்து, அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வசைபாடினார்கள். தனியாக இருக்கும் அம்மாவின் மீதுள்ள அக்கறை உண்மையானது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த அக்கறைக்கு ஃபோன் அழைப்பு இருக்கிறது, அவர் அறிந்து, அவர் சம்மதித்து, ஓர் இடத்தில் நிலையாக வைக்கும் கேமராவும் இருக்கிறது. உடை மாற்றும் அறைக்குள்ளும் கட்டிலடியிலும் தானாக நகர்ந்து போகும் கண் அதற்குரிய வழி அல்ல. வயரையும் செருப்பையும் பெருக்கும் முன் எடுத்து வைத்தால் லேசருக்குக் கேமராவின் துணை வேண்டியதில்லை.

முதியவர் இருக்கும் வீட்டில் கருவியின் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். துபாயிலிருந்து மகள் ஃபோனில் தட்டி ஓட்டினால், அடுக்களையிலிருந்து திரும்பும் அப்பாவின் காலடிக்கு அது எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. கணுக்கால் உயரத்தில் சத்தம் குறைவாக வரும் கருவி ஆளை விழவைக்கப் போதுமானது. ஆகவே நேரத்தை அவரைக் கேட்டுக் குறியுங்கள், அந்த ஒரு மணி நேரம் சிட்-அவுட்டில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள், வெளிநாட்டு ஃபோனில் இருக்கும் செயலியில் தொலைவிலிருந்து ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கருவி பேசும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வரும். தமிழும் மலையாளமும் மட்டும் அறிந்தவருக்கு அந்தக் குரல் ஒரு பதற்றம். ஒலியைக் குறைத்து, சிக்கினால் என்ன நிற விளக்கு எரியும் என்பதை மட்டும் காட்டிக் கொடுங்கள். மேலேயுள்ள பொத்தான்களில் வெள்ளை டேப் ஒட்டி, அழியாத மையால், அவர் படிக்கும் எழுத்தில் பெரிதாக எழுதுங்கள்: ஒன்றில் ‘ஓடு’, இன்னொன்றில் ‘நில்’. ஒரே பொத்தான்தான் இருந்தால் ‘நில்’ என்று மட்டும் எழுதி, ஓடிக்கொண்டிருக்கும்போது அவரையே நான்கைந்து முறை அழுத்தி நிறுத்தச் சொல்லிப் பழக்குங்கள்.